2020 பிப்ரவரி 20ஆம் தேதிக் குறிப்புக்கு ஒரு திருத்தம்: பணிமனைத் தலைவர் பார்ப்ரோ ஓஸ்ட்மார்க் அவர்களின் பணிநிறைவு நாளில்

அன்பும் மதிப்பும் நிறைந்த பார்ப்ரோ ஓஸ்ட்மார்க் அவர்களே!

பனி கொட்டும் விடியலிலும் பணிக்குப் பிந்தாத பண்பாளரே! ஓடும் வண்டியின் ஓசை கேட்டே உள்ளிருக்கும் கோளாறை உரைத்த கூர்செவியரே! வாதத்தில் வன்மையும் வார்த்தையில் மென்மையும் வாய்க்கப் பெற்றவரே! வல்லர்சுண்ட் நகரப் பேருந்துப் பணிமனையின் ஓட்டுநர்களும், பழுதுபார்ப்பவர்களும், அட்டவணைப் பிரிவினரும், வண்டி கழுவுபவர்களுமாகிய நாங்கள் முப்பத்தொரு பேரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

இந்த மடலை எழுதியவளும் வாசிப்பவளும் அட்டவணைப் பிரிவின் ஹெட்விக் நோர்லிங். இதில் 'நாங்கள்' என்று வரும் இடமெல்லாம் முப்பத்தொரு பேரையும் குறிக்கும். 'நான்' என்று வரும் இடம் என்னை மட்டும் குறிக்கும். இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பாராட்டுக்கு நடுவே ஒரு தவறை ஒப்புக்கொள்ளும் பகுதியும் இதில் வருகிறது. விழா மேடைக்கு அது பொருந்துமா என்று யோசித்து மூன்று முறை அடித்தேன். நான்காம் முறை எழுதியபோது, மறுபடி அடிக்க விடாமல் மற்றவர்கள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நீங்கள் 1982 மார்ச்சில், இருபத்து மூன்று வயதில், இந்தப் பணிமனையின் பழுதுபார்க்கும் குழிக்குள் இறங்கிய முதல் பெண். அன்று குழியின் விளிம்பில் நின்ற ஒருவர், "காபி போட ஆள் வந்தாச்சுப்பா!" என்று கத்தியதாகவும், "காபி அப்புறம். மூணாம் நம்பர் வண்டிக்கு நீங்க போட்ட கிளட்ச்சை முதல்ல கழட்டணும், தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்று நீங்கள் கீழிருந்தே சொன்னதாகவும் ஓட்டுநர் சிக்ஸ்டன் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார். மூன்றாம் எண் வண்டி அன்று மாலையே சாலைக்குத் திரும்பியதைப் பணிமனையின் பழைய பதிவேட்டில் நானே பார்த்தேன்.

அன்று முதல் நம் வண்டிகள் குடித்த எதையும் நீங்கள் அறியாமல் குடித்ததில்லை. டீசல் காலம் முழுவதும் உங்கள் காலம். கடுகெண்ணெய் ஊற்றி ஓட்டிய இரண்டு ஆண்டுகள் ஊரே உருளைக்கிழங்கு வறுத்த வாசனையில் மிதந்தது, நிறுத்தத்தில் நின்ற பிள்ளைகளெல்லாம் பசி என்று அழுதார்கள். மீன் கழிவிலிருந்து வாயு எடுத்த காலத்தில் கடற்காகங்கள் வண்டிகளைத் துரத்தியதும், கண்ணாடி துடைக்கும் கம்பியை அவை பிடுங்கிப் போனதும், நீங்கள் கூரையில் ஏறி நின்று அவற்றைத் திட்டியதும் எங்களுக்கு மறக்காது. பேட்டரி வண்டிகள் வந்த முதல் குளிர்காலத்தில், உறைநிலைக்குக் கீழே இருபத்து நான்கு பாகையில், ஏக்ஹம்ரா மேட்டில் ஒன்று மூச்சடங்கி நின்றபோது, பழைய கம்பளித் துணிகளைத் தைத்து ஒவ்வொரு பேட்டரிக்கும் உறை போட்டீர்கள். தயாரித்த நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இவையெல்லாம் உங்கள் கையின் பெருமை. உங்கள் பெயரைச் சொன்னால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது வியாழக்கிழமை.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது சாப்பாட்டு அறையில் இரண்டு மேசைகள் இருந்தன. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்று நாடே வாக்களித்து முடித்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஆனால் வேண்டும் என்றவர்கள் ஜன்னலோரமும், வேண்டாம் என்றவர்கள் அடுப்போரமும் உட்காருவது நிற்கவில்லை. கடல்முனையில் நம் கண்ணுக்கெதிரே உலையின் புகைபோக்கி தெரிந்துகொண்டே இருந்தது ஒரு காரணம். பிறகு 1986இன் இளவேனிலில் தூரதேசத்து அணுஉலை விபத்து மழையோடு வந்து இறங்கியது. அந்த இலையுதிர் காலத்தில் வேட்டையாடிய எல்க் மான் கறியைக் கதிர்வீச்சு அளந்து பார்க்காமல் யாரும் உண்ணவில்லை. ஒரு மதியம், அப்போது இளம் ஓட்டுநராக இருந்த சிக்ஸ்டன், அடுப்போர மேசையிலிருந்து ஜன்னலோர மேசைக்குச் சூப்புக் கிண்ணத்தை எறிந்தார். அதைக் கையால் கொடுத்ததாகத்தான் அவர் சொல்வார்.

அடுத்த வியாழன் நீங்கள் இரண்டு மேசையையும் இழுத்து ஒன்றாகப் போட்டீர்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் சக்கர நட்டுகளைக் கொண்டுவந்தீர்கள். பாதிக்கு மஞ்சள் பூச்சு, பாதிக்குக் கறுப்பு. மஞ்சள் எடுத்தவர் அன்றைய கேள்விக்கு ஆதரவு. கறுப்பு எடுத்தவர் எதிர்ப்பு. கையில் வந்த பக்கத்தைத் தன் சொந்தக் கருத்து போல முழு மனதோடு வாதாட வேண்டும். ஆறு மணிக்குப் பட்டாணி சூப் வரும்போது தொடங்கினால், பான்கேக்குக்கு வைத்த ஜாம் தீரும்போது முடிக்க வேண்டும். முடிந்த பிறகு, நீ உண்மையில் என்ன நினைக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அந்தக் கடைசி விதிதான் எங்களை முப்பத்தொன்பது குளிர்காலமும் ஒரே மேசையில் உட்கார வைத்தது.

சிக்ஸ்டன் முதன்முதலாக மஞ்சள் நட்டு எடுத்த கதையை இங்கே சொல்லாமல் விட்டால் அவர் என்னைப் பேருந்தில் ஏற்றமாட்டார். அணு எதிர்ப்பு ஊர்வலத்தில் கைகோத்து நடந்து கல்யாணம் செய்துகொண்டவர் அவர். அன்று அணுமின்சாரத்துக்கு ஆதரவாக எழுந்து நின்று, நிலக்கரிச் சுரங்கத்தில் செத்தவர்களையும், எண்ணெய்க்காக நடந்த போர்களையும், புகை தின்ற நுரையீரல்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, "இவ்வளவு பேரைக் கொன்னதை மடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டு, அந்த ஒரு உலையைப் பார்த்து மட்டும் நாம ஏன் நடுங்குறோம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நீங்கள் பான்கேக் தட்டை அவர் பக்கம் தள்ளினீர்கள்.

"வேணாம், பார்ப்ரோ. தொண்டையில இறங்காது. என் பெண்டாட்டிக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டா."

"விடலைன்னா பதினோராம் நம்பர் வண்டியில படுத்துக்கோ. ஹீட்டர் சரி பண்ணிட்டேன்."

அடுத்த வாரம் நீங்கள் கறுப்பு எடுத்தீர்கள். "நாம அம்பது வருஷம் விளக்கு எரிச்சிட்டுப் போயிடுவோம். மிச்சம் இருக்கிற சாம்பலை நம்ம மொழியே தெரியாத ஜனங்க காவல் காக்கணும். 'இங்க தோண்டாதே'ன்னு அவங்களுக்கு எப்படி எழுதி வெப்பீங்க?" என்று கேட்டீர்கள். பழைய ஜன்னலோர மேசையின் மூத்தவர் ஒருவர் அன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எந்தப் பக்கம் எடுத்தாலும் நீங்கள் அப்படித்தான் பேசினீர்கள். அதனால்தான் உங்கள் உள்ளக்கருத்து எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இனி வருவது என் பகுதி.

நான் 2018இல் தற்காலிகப் பணியில் சேர்ந்தேன். மாலை வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன், நாட்குறிப்பும் எழுதுவேன். அதைக் கேள்விப்பட்டு, நம் வியாழன் விவாத வட்டத்தின் கூட்டக் குறிப்பை என்னிடம் கொடுத்தீர்கள். அதற்கு நான் ஐந்து கட்டங்கள் போட்டேன்: தேதி, கேள்வி, பேசியவர், நட்டின் நிறம், சொன்னது. ஒரு வாரமும் தவறவிடவில்லை.

2020 பிப்ரவரி 20, வியாழன். கேள்வி: டீசலை விட்டபின் நம் பேருந்துகள் உலையின் மின்சாரத்தில் செய்த ஹைட்ரஜனில் ஓடலாமா? நீங்கள் மஞ்சள் எடுத்தீர்கள். மெக்கானிக் டெஸ்ஃபாய் கறுப்பு. நீங்கள் பேசியது என் குறிப்பில் அப்படியே இருக்கிறது.

"உலை ராத்திரி தூங்காது. பஸ் தூங்கும், ஊரும் தூங்கும். அந்த நேரத்துக் கரண்டு எங்க போகுது? அதை வெச்சுத் தண்ணியப் பிரிங்க. ஹைட்ரஜனைத் தொட்டியில அடைச்சு வைங்க. காலைல பஸ் வயிறு முட்டக் குடிச்சிட்டுக் கிளம்பும். டோங்னேஸ் மேட்டுல பேட்டரி மாதிரி மூச்சு வாங்காது."

டெஸ்ஃபாய் விடவில்லை. "உலை தூங்காதுங்கிறீங்க, சரி. ஒருநாள் ஒரேயடியா தூங்கிட்டா? அதுக்கு வயசு நாப்பத்தஞ்சு, பார்ப்ரோ. என் மாமனாரைவிட மோசமா இழுத்து இழுத்து மூச்சு விடுது."

"உன் மாமனார் இன்னும் மரம் வெட்டுறாரே!"

"வெட்டுறார். ஆனா அவரை நம்பி யாரும் பஸ் வாங்கலையே."

எல்லோரும் சிரித்தோம். ஜாம் தீர்ந்தது. நான் கட்டங்களை நிரப்பினேன்.

ஏப்ரலில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. புதிய வண்டிகள் வாங்கப் போகிறோம், பணிமனை ஊழியர்களிடம் ஏதாவது கருத்து இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். அட்டவணைப் பிரிவு மேலாளர் அதை என் மேசையில் வைத்து, "நம்ம வியாழன் குறிப்பு இருக்கே, அதையே நல்லா எழுதி அனுப்பிடு" என்றார். நான் நல்லா எழுதினேன். வெளியாட்களுக்குப் பிஸ்கட் டப்பாவும் வண்ண நட்டும் சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியுமே என்று எண்ணி, நிறத்துக்கான கட்டத்தை எடுத்துவிட்டேன். காகிதத்துக்கு ஒரு கனம் வரட்டும் என்று பெயருக்குப் பக்கத்தில் பதவியைச் சேர்த்தேன். 'பார்ப்ரோ ஓஸ்ட்மார்க், பணிமனைத் தலைவர், முப்பத்தெட்டு ஆண்டு அனுபவம்' என்று உங்கள் வாதத்துக்கு மேலே எழுதினேன். 'மெக்கானிக்' என்று டெஸ்ஃபாயின் வாதத்துக்கு மேலே எழுதினேன். வேறு ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நான் செய்தது இவ்வளவுதான்.

அக்டோபரில் நகராட்சி ஆறு ஹைட்ரஜன் பேருந்துகள் வாங்க முடிவு செய்தது. பணிமனைத் தலைவரே பரிந்துரைத்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. சாப்பாட்டு அறையில் சிக்ஸ்டன் பத்திரிகையை உங்கள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"அம்மணி எப்போ கட்சி மாறினீங்க?"

"நான் எந்தக் கட்சின்னு உனக்கு எப்போடா தெரிஞ்சுது?"

அதோடு பேச்சு முடிந்தது. குறிப்பைச் சுத்தப்படுத்தி அனுப்பியது என்ன ஆயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொரு நாள் கழித்துக் குழியோரம் வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் கீழே படுத்தபடியே கேட்டீர்கள்.

"அந்த வார்த்தையெல்லாம் நான் சொன்னதுதானே?"

"ஆமா. ஆனா மஞ்சள் வந்ததாலதானே சொன்னீங்க. நான் நகராட்சிக்கு எழுதிடறேன்."

"எழுதி? பார்ப்ரோ அப்படி நினைக்கலைன்னு எழுதுவியா? அப்புறம் சிக்ஸ்டன் நினைச்சது எது, டெஸ்ஃபாய் நினைச்சது எதுன்னு ஒவ்வொண்ணா ஊருக்குப் பிரிச்சுக் காட்டணும். மறுபடி ரெண்டு மேசை ஆயிடும்." ஸ்பானரை ஒரு சுற்றுத் திருப்பினீர்கள். "உனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் எத்தனை மாசம்?"

"ஆறு."

"அப்போ வாயை மூடிக்கிட்டுப் போ. பஸ் ஒழுங்கா ஓடினா யார் சொன்னாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது."

பேருந்துகள் வந்தன. ஓராண்டுக்கு மேல் ஒழுங்காகத்தான் ஓடின. 2023 முடிவில் கடல்முனை உலையின் உரிமையாளர்கள், வயதாகிவிட்டது, புதுப்பிப்பதில் பயனில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். ஹைட்ரஜன் அதன்பிறகு இருநூற்று எண்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து டேங்கர் லாரியில் வந்தது. லாரி ஓடியது டீசலில். "வீட்டை விட்டுத் துரத்தின டீசல் இப்போ நமக்குச் சோறு தூக்கிட்டு வருது" என்று சிக்ஸ்டன் சொன்னார். அப்போதும் சிரித்தோம், ஆனால் சத்தமில்லாமல். பனி விழுந்தால் லாரி வராது. லாரி வராவிட்டால் வண்டி நகராது. 2024 ஆகஸ்டில் டோங்னேஸுக்குப் போகும் பதினான்காம் தடமும், ஏக்ஹம்ராவுக்குப் போகும் பதினேழாம் தடமும் நிறுத்தப்பட்டன. அட்டவணையிலிருந்து அந்த இரண்டு வரிசைகளையும் நீக்கியது என் கை.

டோங்னேஸில் உங்கள் அக்கா மாய்லிஸ் இருக்கிறார். கண் மங்கிப்போனதால் கார் ஓட்டுவதை விட்டுவிட்டவர். ஒவ்வொரு செவ்வாயும் பதினான்காம் எண் வண்டியில் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கடைசி வண்டியில் திரும்பியவர். தடம் நின்ற பிறகு செவ்வாய் மதியங்களில் நீங்களே வேனில் அங்கே போய் வந்தீர்கள்.

அந்த நவம்பரில் டோங்னேஸ் ஊர்மன்றத்தில் கூட்டம் நடந்தது. நகராட்சிக்காரர்கள் மேடையில் இருந்தார்கள். உங்களையும் அழைத்து மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பின்னாலிருந்து ஒருவர், "எங்கேம்மா உங்க ஹைட்ரஜன்? பாட்டில்ல ஊத்திக் குடுங்க, நடந்தாவது போறோம்!" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும் மாய்லிஸ் எழுந்தார்.

"ஊருக்குத் தெரியட்டும். என் தங்கச்சி சொல்லித்தான் இதை வாங்கினாங்க. பேப்பர்ல போட்டிருந்தது. நான் வெட்டி எடுத்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருந்தேன். பெருமையா இருந்துச்சு." அவர் குரல் உயரவில்லை. "எனக்கு இருந்தது ஒரு பஸ்ஸு. அதையும் அவ நிறுத்திட்டா."

பிஸ்கட் டப்பாவைப் பற்றி நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் ஒலிவாங்கியை இழுத்து, "அந்த வாதத்தைச் சொன்னது நான்தான். இன்னைக்கு அது தப்பாப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைத் திருப்பி வைத்தீர்கள். ஐந்து கட்டங்களோடு எழுதிய மூலக்குறிப்பு என் பையில் இருந்தது. எழுந்து நிற்க வேண்டும் என்று தெரிந்தே கொண்டு போயிருந்தேன். எழவில்லை. என் வேலை அப்போது நிரந்தரமாகி மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. திரும்பும் வழியில் உங்கள் வேனில் வானிலை அறிக்கையைச் சத்தமாக வைத்தீர்கள். அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில் நீங்கள் மதிய உணவைப் பணிமனையிலேயே சாப்பிடத் தொடங்கினீர்கள். அந்தக் கூட்டத்திலிருந்து அக்காவும் தங்கையும் பேசவில்லை என்பதை நாங்கள் அப்படித்தான் அறிந்தோம்.

இந்த ஆகஸ்டில் நீங்கள் ஓய்வு பெறும் தேதியைப் பலகையில் எழுதினீர்கள். அந்த வியாழன் நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். சூப்பு வருவதற்கு முன்னால் நான் எல்லாவற்றையும் சொன்னேன், மூலக்குறிப்பை மேசையில் விரித்தேன். சிக்ஸ்டன் அதன் நிறக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"அஞ்சு வருஷமா இதை மனசுல வெச்சுக்கிட்டு எங்க கூட பான்கேக் தின்னியா?"

"ஆமா."

"நான் அவளைக் கட்சி மாறினவன்னு கிண்டல் பண்ணினேனே, அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லிட்டா விதி உடைஞ்சுபோகும், சிக்ஸ்டன்," என்றார் டெஸ்ஃபாய். "பார்ப்ரோ காத்தது அதைத்தானே."

"விதி என்ன சொல்லுது? அவ என்ன நினைக்கிறான்னு கேக்கக் கூடாது. சரி, கேக்கலை. நமக்குத் தெரியவும் தெரியாது. எந்த நட்டு எடுத்தான்னு மட்டும் சொல்லுவோம். அது எல்லார் கண்ணு முன்னாலயும் எடுத்ததுதானே?"

அன்று நாங்கள் வேறு எதையும் விவாதிக்கவில்லை. உங்களிடம் அனுமதியும் கேட்கவில்லை, பார்ப்ரோ. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

மறுவாரம் டெஸ்ஃபாயும் நானும் நகராட்சிப் பதிவறைக்குப் போனோம். பதிவாளர் உல்ரிகா கோப்பை எடுத்து வைத்தார். நான் சுத்தமாக எழுதிய அந்தக் காகிதம், எண்ணும் முத்திரையுமாக அதில் இருந்தது.

"இதுல ஒரு புள்ளியைக்கூட மாத்த முடியாது. உள்ள வந்தது வந்ததுதான்," என்றார் அவர்.

"அப்போ இது காலத்துக்கும் இப்படியேதான் இருக்குமா?"

"இருக்கும். ஆனா இந்த விஷயமா நீங்க வேற எது அனுப்பினாலும் அதுக்கும் நம்பர் போட்டு இதுக்குப் பக்கத்துலயே வெப்பேன். யார் வந்து அதைக் கேட்டாலும் இதையும் சேர்த்துத்தான் கையில குடுக்கணும். அதுதான் சட்டம்."

"எது அனுப்பினாலுமா?" என்று டெஸ்ஃபாய் கேட்டார். "ஒரு பாராட்டு மடல் அனுப்பினா?"

உல்ரிகா கண்ணாடியைக் கழற்றினார். "பாராட்டு மடல் இதுவரைக்கும் வந்ததில்லை. வந்தா நம்பர் போடுவேன்."

ஆகவே இந்த மடலுக்கு இரண்டு படிகள். ஒன்று கண்ணாடிச் சட்டமிட்டு உங்கள் கையில் தருகிறோம். மற்றொன்று இன்று காலையே உல்ரிகாவின் மேசைக்குப் போய்விட்டது. அதில் எங்கள் முப்பத்தொரு பேரின் கையெழுத்தோடு சொல்லப்படுவது இதுதான்: பார்ப்ரோ ஓஸ்ட்மார்க் 2020 பிப்ரவரி 20 அன்று ஹைட்ரஜனுக்கு ஆதரவாகப் பேசியது, குலுக்கலில் அந்தப் பக்கம் அவருக்கு வந்ததால். அது பணிமனைத் தலைவரின் பரிந்துரை இல்லை. அப்படித் தோன்றும்படி எழுதியவள் ஹெட்விக் நோர்லிங். பணிமனைத் தலைவரின் உண்மையான கருத்தை நகராட்சியில் எவரும் ஒருபோதும் கேட்கவில்லை.

இதனால் பதினான்காம் தடம் திரும்பி வராது. எதில் ஓடினால் ஒரு பேருந்து டோங்னேஸ் மேட்டில் ஏறும், நம் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கடன் வைக்காமல் ஏறும் என்ற கேள்விக்கும் இதில் விடை இல்லை. முப்பத்தொன்பது குளிர்காலம் பேசியும் நாம் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இனி நீங்கள் இல்லாமல் பேசப்போகிறோம். உங்கள் நாற்காலியில் யார் உட்காருவது என்று யாரும் இன்னும் வாயெடுக்கவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். கடந்த ஞாயிறு நான் சைக்கிளில் டோங்னேஸுக்குப் போனேன். மாய்லிஸ் சமையலறையில் காட்டுக் காளான்களை மண் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த மடலை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"காகிதத்தைத் திருத்தினா பஸ் வந்துடுமா?"

"வராது."

"அந்தக் கூட்டத்துல நீ இருந்தியா?"

"மூணாவது வரிசையில."

அவர் அடுத்த காளானை எடுத்துத் துடைத்தார். நான் எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டபோதுதான் பேசினார். "அப்போ அவ நிஜமாவே என்னதான் நினைச்சா?"

"எங்களுக்குத் தெரியாது. நாங்க கேக்கக் கூடாது."

"நீங்க கேக்கக் கூடாது. நான் உங்க வட்டத்துல இல்லையே," என்றார். பிறகு ஒரு காளானை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே, "வியாழக்கிழமைதானே விழா? முடிஞ்சு வர்றதானா வரட்டும். கதவைப் பூட்டமாட்டேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றார்.

பணிமனையைத் தன் பிறந்த வீடாய்ப் பேணிய பெருமாட்டியே! பழி வந்தபோதும் தோழரைக் காட்டிக்கொடுக்காத தோழியே! உங்கள் கையின் வலிமை குறையாதிருக்கட்டும், காதின் கூர்மை மங்காதிருக்கட்டும். பனிக்காலம் பல கண்டு, பசியும் உறக்கமும் பிசகாமல், நோயின்றி நெடுங்காலம் நீங்கள் இருக்க வேண்டும். எங்களில் யாரும் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்பவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு விடை சொல்லும் நேரமும் உங்களுக்கு வாய்க்க வேண்டும்.

டோங்னேஸுக்கு இப்போது பேருந்து இல்லை. டெஸ்ஃபாயின் கார் வாசலில் நிற்கிறது. டீசல் கார்தான், பார்ப்ரோ. வேறு எதுவும் கிடைக்கவில்லை.

கண்ணீரோடும் நன்றியோடும்,
வல்லர்சுண்ட் நகரப் பேருந்துப் பணிமனையின் ஊழியர்கள் முப்பத்தொருவர்
வியாழன், செப்டம்பர் 25, 2025